போகோ காமிக்ஸில் வந்த உளறல் கிறிஸ்துமஸ் பாட்டு: அர்த்தமே இல்லாமல் எப்படி மனதில் நிற்கிறது?

கூழாங்கல்:

டிசம்பர் பிறந்துவிட்டது, எங்கள் ஊரில் கொயர் பயிற்சியும் தொடங்கிவிட்டது. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

போகோ என்றதும் பலருக்குக் குழந்தைகள் டிவி சேனல்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வால்ட் கெல்லி வரைந்த அமெரிக்கச் செய்தித்தாள் காமிக்ஸ். ஜார்ஜியாவும் ஃப்ளோரிடாவும் சேரும் இடத்தில் இருக்கும் ஒகெஃபெனோக்கி சதுப்புநிலம்தான் கதை நடக்கும் இடம். போகோ ஒரு ஒப்போசம், வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் சின்ன விலங்கு. கூடவே ஆல்பர்ட் என்ற முதலை, சர்ச்சி என்ற ஆமை, ஹவுலண்ட் என்ற ஆந்தை, போரிகார்ட் என்ற வேட்டை நாய், போர்க்கி என்ற முள்ளம்பன்றி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் இந்தக் கூட்டம் ஒன்றுசேர்ந்து பாடும்:

"டெக் அஸ் ஆல் வித் பாஸ்டன் சார்லி,
வாலா வாலா, வாஷ்., அண்ட் கலமசூ!"

பழைய புத்தகக் கடையில் வாங்கிய தொகுப்பில் இதைப் பார்த்தேன். கண்ணால் வாசித்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. வாய்விட்டு வாசித்தேன், மூன்றாவது சொல்லுக்குள் மெட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. "டெக் த ஹால்ஸ் வித் பவ்ஸ் ஆஃப் ஹாலி". நாம் எல்லோரும் கேட்டிருக்கிற பாட்டு. கூடத்தை ஹாலிக் கிளைகளால் அலங்கரியுங்கள் என்று தொடங்கும். கெல்லியின் வரியில் கூடமும் இல்லை, கிளையும் இல்லை. யாரோ பாஸ்டன் சார்லி வந்து நிற்கிறார்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு தடவைதான் பாடிக் காட்டினேன். இரண்டு வாரமாகப் பல் தேய்க்கும்போதும் இதே பாட்டுதான். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அர்த்தம் இல்லை என்று சொல்லி முடித்துவிடவும் மனம் வரவில்லை. ஏதோ இருக்கிறது. அது என்ன என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தக்காரர்:

நல்ல இழை, தம்பி. நான் மெட்டுக்குப் பாட்டு எழுதிப் பழகியவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மெட்டுக்கு எழுதும்போது இசையமைப்பாளர் நமக்கு "தன்ன தானா தன்ன தானா" என்று தத்தகாரம் கொடுப்பார். குறில் எங்கே, நெடில் எங்கே, ஒற்று எங்கே என்று பார்த்து அதில் சொல்லை உட்கார வைப்பது நம் வேலை. கெல்லி ஏற்கெனவே சொல் நிரம்பிய பாட்டை எடுத்து, அதன் சொற்களையே தத்தகாரமாகக் காதில் வாங்கிக்கொண்டு, அந்த அளவிலேயே வேறு சொற்களை ஊற்றுகிறார். ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

மூலம்: "டிஸ் த சீசன் டு பி ஜாலி". கெல்லி: "நோராஸ் ஃப்ரீசிங் ஆன் த ட்ராலி". சீசன் இருந்த இடத்தில் ஃப்ரீசிங். ஈகாரமும் அடுத்து வரும் "ஸ்" ஒலியும் அப்படியே இருக்கின்றன. ஜாலிக்கு ட்ராலி, அதாவது டிராம் வண்டி.

மூலம்: "டான் வி நவ் அவர் கே அப்பாரல்". நல்ல உடை உடுத்துவோம் என்று பொருள். கெல்லி: "டோன்ட் வி நோ ஆர்க்கேயிக் பாரல்". "அவர் கே அ" என்ற மூன்று சொல் துண்டுகளும் சேர்ந்து "ஆர்க்கேயிக்" என்ற ஒரே சொல்லாகிவிட்டன. இந்த வரியைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஒரே ஒலித்தொடரை வேறு இடங்களில் பிரித்தால் வேறு சொல் கிடைக்கும் என்பது நம் சிலேடைப் புலவர்கள் காலம் காலமாகச் செய்த வேலை. அவர்கள் பிரித்தால் இரண்டு பக்கமும் பொருள் இருக்கும். கெல்லி ஒரு பக்கத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார்.

அடுத்து அந்த "ஃப லல லல்லா லலல லா". அதில் ஒன்பது அசை. நம் "தன்னானே தானே" மாதிரி பொருள் இல்லாத நிரப்பு. மூலத்திலேயே பொருள் இல்லாத அந்த இடத்தில்தான் கெல்லி உண்மையான ஊர்ப் பெயர்களை வைக்கிறார்! "வாலா வாலா, வாஷ்., அண்ட் கலமசூ" பத்து அசை. நான்காவது வரியான "ஸ்வாலர் டாலர் காலிஃப்ளவர் ஆலி-கரூ" பன்னிரண்டு அசை. ஒன்பது பேர் உட்காரும் பெஞ்சில் பன்னிரண்டு பேரை ஏற்றியிருக்கிறார். பாடுகிறவர் அந்த இடத்தில் வேகமாகப் பாடியே ஆக வேண்டும், நாக்கு உருளும். உங்கள் மகளுக்குப் பிடித்துப்போனது அந்த இடமாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கூழாங்கல்:

கேட்டேன் ஐயா. "காலிஃப்ளவர்" வரிதான் என்றாள்.

பழையதாள்:

போகோ பற்றிப் பேச ஆள் கிடைத்ததே பெரிய சந்தோஷம். நாற்பது வருடமாகப் பழைய காமிக்ஸ் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெல்லி 1913-இல் பிலடெல்பியாவில் பிறந்து, கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் வளர்ந்தவர். 1936 முதல் 1941 வரை டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். போகோ முதலில் காமிக்ஸ் புத்தகங்களில் வந்த பாத்திரம். 1948 அக்டோபரில் நியூயார்க் ஸ்டார் நாளிதழில் தினசரிக் கீற்றாக ஆனது. 1949 ஜனவரியில் அந்த நாளிதழே நின்றுபோனது. அதே வருடம் மே மாதத்திலிருந்து பல ஊர் நாளிதழ்களுக்கும் போகத் தொடங்கியது. 1973-இல் கெல்லி இறந்த பிறகும் 1975 வரை வந்தது. தினத்தந்தியில் கன்னித்தீவு பார்ப்பதற்காகவே பேப்பரைப் பிரிப்பவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள் அல்லவா, அப்படித் தினமும் பிரிக்க வைத்த தொடர்.

சந்தக்காரர் காதுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். கண்ணுக்கு உள்ளதை நான் சொல்கிறேன். இது செய்தித்தாளில் அச்சாகி வந்த பாட்டு. "வாஷ்." என்பதில் ஒரு புள்ளி இருக்கிறது, கவனித்தீர்களா? வாலா வாலா என்பது வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஊர். கடித உறையில் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி "வாஷ்." என்று எழுதுவார்கள். முகவரியில் எழுதும் சுருக்கத்தைப் புள்ளியோடு எடுத்துப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். காதுக்கு அந்தப் புள்ளி கேட்காது, பேப்பரைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

எழுத்துருவிலேயே கதை சொன்னவர் கெல்லி. டீக்கன் மஷ்ராட் என்று ஒரு பாத்திரம். அவர் பேசினால் பேச்சு பலூனுக்குள் பழைய பைபிள் அச்சு போன்ற கருப்பு கோதிக் எழுத்துதான் வரும். பி.டி. பிரிட்ஜ்போர்ட் என்ற கரடி பேசினால் சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி அலங்கார எழுத்து. பிணந்தின்னிக் கழுகு பேசினால் பலூனைச் சுற்றி இரங்கல் அட்டையின் கருப்புக் கோடு. குரலைக் கண்ணால் கேட்க வைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு பாட்டை எழுதினால் அது காதுக்கும் கண்ணுக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

அடுத்தது இன்னும் முக்கியம். தொடரில் இந்தப் பாட்டை யாரும் ஒழுங்காகப் பாடி முடிப்பதில்லை, சண்டை வந்துவிடும். எது சரியான வரி என்பதுதான் சண்டை. நாய் போரிகார்ட் வந்து, சரியான பாட்டு இதுதான் என்று பாடும்: "பார்க் அஸ் ஆல் பவ்-வவ்ஸ் ஆஃப் ஃபாலி". நம் ஊர் நாய் லொள் லொள் என்று குரைக்கும். ஆங்கில நாய் பவ் வவ் என்று குரைக்கும். மூலத்தில் கிளைக்கான சொல் "பவ்ஸ்". நாயின் காதில் அது குரைப்பாக விழுந்திருக்கிறது! தன் காதில் விழுந்ததே சரி என்று அது மனதார நம்புகிறது.

"குட் கிங் வென்செஸ்லாஸ்" பாட்டும் இந்தச் சதுப்பில் "குட் கிங் சார்க்ராட்" ஆனது. சார்க்ராட் என்றால் ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸ். மூலத்தில் "ஃபீஸ்ட் ஆஃப் ஸ்டீஃபன்", அதாவது டிசம்பர் 26-இல் வரும் புனித ஸ்தேவான் திருநாள். கெல்லியிடம் அது "ஃபீட்ஸ் அன்ஈவன்", மேடும் பள்ளமுமான கால்கள்.

வேப்பம்பூ:

எல்லோரும் ரசிக்கிறீர்கள். எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று பாடுவோம். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டி வந்து கதவைத் திறப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள். அந்தப் பாட்டை எடுத்து முட்டைக்கோஸ் ஆக்கினால் எனக்கு வலிக்கிறது. பண்டிகை நாளில் ஒரு நாளிதழ் செய்ய வேண்டிய வேலையா இது? பிள்ளைகள் மூலப் பாட்டை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டால்?

பழையதாள்:

நியாயமான கேள்வி அக்கா. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, "டெக் த ஹால்ஸ்" பாட்டில் இயேசுவின் பெயர் எங்கேயும் வராது. அதன் மெட்டு வேல்ஸ் நாட்டுப் பழைய மெட்டு, பெயர் "நோஸ் காலன்". புத்தாண்டுக்கு முந்தைய இரவு என்று பொருள். அந்த இரவில் பாடிய பாட்டுக்கு 1862-இல் தாமஸ் ஆலிஃபண்ட் என்பவர் ஆங்கில வரி எழுதினார். அவர் எழுதியது "ஹால்" என்று ஒருமையில். நாம் "ஹால்ஸ்" என்று பாடுவதே பின்னால் வந்த மாற்றம்தான்.

வென்செஸ்லாஸ் பாட்டை எடுத்துக்கொண்டால், அதன் வரிகளை ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலேயக் குருவானவர் 1853-இல் வெளியிட்டார். மெட்டு 1582-இல் அச்சான "பியே கான்டியோனெஸ்" என்ற லத்தீன் பாட்டுத் தொகுப்பிலிருந்து எடுத்தது. அங்கே அது பூக்கள் மலரும் காலத்தை வரவேற்கும் வசந்தப் பாட்டு! வசந்த மெட்டில் பனிக்காலக் கதையைப் பாடியிருக்கிறார்கள். ஒரு மெட்டில் வேறு சொல் ஏறுவது கேரல் உலகத்தில் புதிதே இல்லை.

இரண்டாவது, கெல்லி கிறிஸ்துமஸைக் கேலி செய்தவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போர்க்கி என்ற முள்ளம்பன்றி இருக்கிறதே, எப்போதும் கடுகடுவென்று இருக்கும், யாரையும் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே திரியும். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு பூவைக் கொண்டுவந்து போகோவிடம் கொடுக்கும். அந்தக் கட்டத்தை வரைந்தவரும் இந்தப் பாட்டை எழுதியவரும் ஒரே ஆள்.

வேப்பம்பூ:

பூ விஷயம் எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதற்கு நன்றி ஐயா. முட்டைக்கோஸ் இன்னும் உறுத்துகிறது.

தேடல்:

நான் அமெரிக்க அரசியல் வரலாறு படிப்பவன். இந்த வரிகளில் ரகசியக் குறிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1949-இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் வால்டர் ஓ'பிரையன் என்ற வேட்பாளருக்காக ஒரு பிரசாரப் பாட்டு எழுதினார்கள். ரயில் கட்டண உயர்வை எதிர்த்த பாட்டு. சார்லி என்பவர் ரயிலில் ஏறிவிடுவார், இறங்கும்போது கேட்கும் கூடுதல் காசு கையில் இல்லாததால் இறங்கவே முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். இன்றைக்கும் பாஸ்டனில் பயண அட்டைக்கு "சார்லி கார்டு" என்றுதான் பெயர். இங்கே பாஸ்டன் சார்லி இருக்கிறார், ட்ராலியில் நோரா குளிரில் விறைக்கிறாள். பொருந்துகிறதே?

பழையதாள்:

பொருந்துகிற மாதிரி தெரியும் தம்பி, ஆனால் மீதி வரியை என்ன செய்வீர்கள்? கலமசூவையும் கடைசி வரியில் "பூலா பூலா பென்சகூலா" என்று வரும் பென்சகோலாவையும் காலிஃப்ளவரையும் எந்தத் தேர்தலில் நிறுத்துவது? ஒரு வரிக்குச் சாவி கிடைத்தால் அடுத்த வரி பூட்டிக்கொள்கிறது.

அதுவுமில்லாமல், அரசியல் பேச வேண்டும் என்றால் கெல்லி ஒளிந்துகொண்டு பேசியவர் இல்லை. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டை நடத்தி எல்லோரையும் நடுங்க வைத்த காலத்தில், 1953-இல், சிம்பிள் ஜே. மலார்க்கி என்ற காட்டுப்பூனையை மெக்கார்த்தியின் முகத்தோடு வரைந்தார். ப்ராவிடென்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்று, இந்த முகம் இன்னொரு தடவை வந்தால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்றது. கெல்லி என்ன செய்தார் தெரியுமா? கதைக்குள் ப்ராவிடென்ஸ் ஊரிலிருந்து ஒரு கோழியை வரவழைத்தார். அந்த ஊர்க்காரர்கள் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி மலார்க்கி தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொள்கிறான். முகம் வரவில்லை, தொடரும் நிற்கவில்லை! இப்படி நேருக்கு நேர் நின்றவர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்குள் மேயர் தேர்தலைப் புதைத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மிச்சிகன் வாசி:

கலமசூ பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ போகும் ஐ-94 சாலையில் கலமசூ வரும். ஒவ்வொரு தடவை பலகையைப் பார்க்கும்போதும் காரில் உள்ள பிள்ளைகள் சத்தமாகச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல இனிக்கும் பேர். கெல்லிக்கு முன்பே, 1942-இல், க்ளென் மில்லர் இசைக்குழு இந்த ஊர் பேரை வைத்து ஒரு பாட்டை நாடெங்கும் ஒலிக்க வைத்தது. அதனால் அந்தக் கால வாசகனுக்குக் கலமசூ என்றாலே காதில் ஒரு தாளம் ஓடியிருக்கும். "பூலா பூலா" என்பதும் யேல் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கால்பந்து மைதானத்தில் பாடுவது. "பென்சகூலா" என்பது பூலாவோடு சேர்வதற்காக நீட்டிய பென்சகோலா, ஃப்ளோரிடாவின் கடற்படை விமானத் தளம் உள்ள ஊர்.

கலமசூ, வாலா வாலா, இரண்டுமே அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழிகளிலிருந்து வந்த பெயர்கள். ஒகெஃபெனோக்கியும் அப்படித்தான். இங்கிலாந்துக் கேரலில் இங்கிலாந்தின் ஹாலி மரம் இருந்தது. கெல்லி அதை அமெரிக்க வரைபடத்தின் மேல் உருட்டிவிட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்து வாழ்கிற எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

நீரோடை:

மொழிபெயர்ப்பு என் தொழில். இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துவிட்டு, இதைத் தமிழில் கொண்டுவர முடியுமா என்று முயன்று பார்த்தேன். பொருள் இல்லாததால் ஒலியையும் ஊர்ப்பெயரையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே மெட்டில் பாடிப் பாருங்கள்:

தேக்கு மாடத் தூணில் மாலி,
வாலாஜா வேலூரு திண்டிவனமே!
சீதா ஏறிப் போனாள் டோலி,
காலிஃப்ளவர் கூடை எல்லாம் காலி காலியே!

எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. எழுதி முடித்தபின் ஏதோ குறைகிறது, எது என்று பிடிபடவில்லை. சந்தக்காரர் ஐயா சொல்ல வேண்டும்.

சந்தக்காரர்:

அம்மா, சந்தம் சுத்தமாக இருக்கிறது. "டெக்" இருந்த இடத்தில் "தேக்கு" வைத்தது அழகு. மாலி, டோலி, காலி எல்லாம் நன்றாக விழுகின்றன. உங்கள் கையில் குறை இல்லை.

கெல்லியின் வரியைப் பாடும்போது ஒரு அமெரிக்கனுக்கு இரண்டு பாட்டு ஒரே சமயத்தில் கேட்கும். வாய் பாஸ்டன் சார்லி என்கிறது, மனது பவ்ஸ் ஆஃப் ஹாலி என்கிறது. தாய்ப்பாலோடு ஏறிய மூலம் அடியில் தம்பூரா மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், மேலே இந்த வரி. உங்கள் நான்கு வரிக்கு அடியில் ஓடுவதும் அதே ஆங்கிலப் பாட்டுத்தான். அது மனப்பாடமானவன் சிரிப்பான். அது தெரியாத தமிழ் வாசகனுக்கு இது வெறும் ஊர்ப் பட்டியல். தமிழில் செய்ய வேண்டும் என்றால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஊரே சொல்லும் ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட "ஜாபர்வாக்கி" என்ற உளறல் கவிதை இதிலிருந்து வேறு வகை. அவர் இல்லாத சொற்களை உண்டாக்கினார், இலக்கணம் அப்படியே நின்றது. அதனால் யாரோ யாரையோ வெட்டினார் என்ற கதை புரியும். கெல்லியிடம் அநேகமாக எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள், வரைபடத்தில் உள்ள ஊர்கள். கதை மட்டும் சேராது. அந்த இடத்தைக் கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு பிடித்துக்கொள்கிறது.

நீரோடை:

புரிகிறது ஐயா, எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் 1954-இல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் எழுதினார். சின்ன வயதில் அவருடைய அம்மா ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு படித்துக் காட்டுவாராம். பிரபுவைக் கொன்று புல்வெளியில் கிடத்தினார்கள் என்ற வரியில், "லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்" என்பது குழந்தையின் காதில் "லேடி மாண்டெக்ரீன்" என்று விழுந்தது. பிரபுவோடு சேர்ந்து உயிர்விட்ட ஒரு சீமாட்டி என்று அவர் பல வருடம் நம்பியிருந்தார். தப்பாகக் கேட்ட பாட்டு வரிக்கு அன்றிலிருந்து "மாண்டெக்ரீன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"டான் வி நவ்", "ட்ரோல் தி ஏன்ஷியன்ட்", "யூல்டைட்" எல்லாம் கெல்லி காலத்து ஆங்கிலக் குழந்தைக்கே புரியாத பழஞ்சொற்கள். "ட்ரோல்" என்றால் உரக்கப் பாடு என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் அதை எப்படியோ காதில் விழுந்தபடி பாடியிருப்பார்கள். கெல்லி கேட்டது அந்தக் குழந்தைகளின் பாட்டை என்று நினைக்கிறேன். "ட்ராலி மாலி டோன்ட் லவ் ஹாரல்ட்" என்ற வரியை அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

மிச்சிகன் வாசி:

பாட விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 1962-இல் கொலம்பியா வெளியிட்ட "ஜிங்கிள் பெல் ஜாஸ்" என்ற இசைத்தட்டில் லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ராஸ் என்ற ஜாஸ் பாடகர்கள் மூவரும் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அடுத்த வருடம் கெல்லியின் போகோ புத்தகம் ஒன்று இதே முதல் வரியைத் தலைப்பாகக் கொண்டு வந்தது.

கூழாங்கல்:

நான்கு நாளாக இங்கே வர முடியவில்லை. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். நீரோடை சொன்ன மாண்டெக்ரீன் பதிவை பஸ்ஸில் வாசித்தேன். வாசித்ததும் ஒரு நோட்டு நினைவுக்கு வந்தது. போனவுடன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன்.

கிடைத்துவிட்டது. நாற்பது பக்க நோட்டு, அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் கரையான். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஊர்க் கொயரில் ஆங்கிலக் கேரல்களும் பாடுவார்கள். பாட்டு சொல்லிக்கொடுத்தவர் வாயால் சொல்லச் சொல்ல, இவர்கள் தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். பென்சில் எழுத்து. பக்கத்தில் உள்ளதை உள்ளபடியே தருகிறேன்:

"டெக்த ஆலு விது பௌசா பாலி
பலல லல்லா லலல லா
திஸ்த சீசன் துபி சாலி
பலல லல்லா லலல லா
தான்வி நௌவர் கேயா பாரல்"

"ஃப" எழுத வழி தெரியாமல் "ப" போட்டிருக்கிறார்கள். கடைசி வரியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அப்பாரல்" என்பது அம்மாவின் நோட்டில் "பாரல்". கெல்லியும் அதே இடத்தில் "பாரல்" என்றுதான் எழுதினார்! சதுப்பில் ஒரு ஆமையும் தாமிரபரணிக் கரையில் என் அம்மாவும் ஒரே வரியை ஒரே இடத்தில் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

"பாரல்னா என்னன்னு நெனச்சீங்க அம்மா?" என்று கேட்டேன். "மண்ணெண்ணெய் பாரல்தான், வேற என்ன?" என்றார்கள். கிறிஸ்துமஸ் பாட்டில் மண்ணெண்ணெய் எதற்கு என்று கேட்டதற்கு, "பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு" என்றார்கள். அவர்கள் கேரல் ரவுண்ட்ஸ் போனது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். அவர்களுக்கு அந்தப் பாட்டில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. விளக்குக்கு எண்ணெய் வேண்டும், பாட்டில் பாரல் வருகிறது.

வேப்பம்பூ:

தம்பி, இந்தப் பதிவை மூன்று தடவை வாசித்தேன். எங்கள் கொயரிலும் இப்படி நோட்டுகள் இருந்தன. எனக்கு ஆல்டோ சொல்லிக்கொடுத்த அக்கா அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அக்கா பாடியதில் ஒரு சொல் சரியில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள், அப்படிப் பாட இன்றைக்கும் எனக்கு வரவில்லை.

முதலில் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அந்த நாயையும் ஆமையையும் இனி அந்த அக்கா பக்கத்தில்தான் உட்கார வைப்பேன். வென்செஸ்லாஸ் பாட்டை மட்டும் நான் மூல வரியிலேயே பாடிக்கொள்கிறேன். பனியில் ஏழைக்கு விறகு சுமந்து போகும் ராஜா அது. அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழையதாள்:

அப்படியே பாடுங்கள் அக்கா. கூழாங்கல் தம்பி, அந்த நோட்டை ஸ்கேன் எடுத்து வையுங்கள். கரையான் ஓரத்தோடு நிற்காது. பென்சில் எழுத்து வேறு, உரச உரச மங்கும். பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு அடைக்காதீர்கள்.

கூழாங்கல்:

ஸ்கேன் எடுத்துவிட்டேன் ஐயா, தாளும் வைத்துவிட்டேன்.

நேற்று இரவு மகள் பாஸ்டன் சார்லியைப் பாடிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து, "தப்பாப் பாடுறியே" என்று சொல்லிக்கொண்டே வந்து, நோட்டில் உள்ளபடி முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்கள். எழுபத்திரண்டு வயது, ஒரு வரிகூட நிற்கவில்லை. மகள் விடவில்லை, தன்னுடையதுதான் சரி என்று சண்டைக்குப் போனாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் எது சரியான வரி என்று மாறி மாறிப் பாடினார்கள். பாரல் வரும் இடத்தில் மட்டும் இரண்டு குரலும் சேர்ந்துவிடும், மறுபடியும் பிரியும்.